இரண்டு முதல் நான்கு வரை சாப்பாட்டு நேரம்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று முப்பத்தொன்பது அழைப்புகள். பிரிண்டர் பதினொன்று, பாஸ்வேர்டு ஒன்பது, மிச்சமெல்லாம் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" வகை. பொள்ளாச்சியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் ஒருவர், பில் அடித்தால் வெறும் வெள்ளைத் தாளாக வருகிறது என்று கால் மணி நேரம் திட்டினார். பேப்பர் ரோலைத் திருப்பிப் போடுங்கள் என்றேன். போட்டார். எழுத்து வந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா என்று அதற்கும் திட்டிவிட்டு வைத்தார். நல்ல மனிதர். குரலில் தெம்பு இருந்தது.

கோயம்புத்தூர் கணபதியில் மூன்றாவது மாடி. சின்னக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்கிற கம்பெனி. அதன் உதவி எண்ணில் காதில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருப்பவள் நான். கடைக்காரர்களுக்கு மென்பொருள், வாட்ஸப், வைஃபை எல்லாம் ஒன்றுதான். எது ஓடவில்லை என்றாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒருவர் கல்லாப்பெட்டிச் சாவி தொலைந்ததற்குக் கூப்பிட்டிருக்கிறார்.

இங்கே என் பெயர் ரேவதி. போனில் சொல்லச் சுலபமாக இருக்கட்டும் என்று, சேர்ந்த அன்று டீம் லீடர் வைத்தது. பூரணி என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் இப்போது சங்கரன்கோவில் பக்கத்து விவசாயிகள் மட்டும்தான். அதுவும் நான் ஒரு கடை என்று நினைத்து.

பையில் இன்னொரு போன் இருக்கிறது, பழைய பட்டன் போன். "பூரணி மோட்டார் ஒர்க்ஸா?" என்று தினமும் ஒன்றிரண்டு பேர் அதில் கேட்பார்கள். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. கல்யாணமான புதிதில் என் பெயரை வைத்து அவர், சங்கரநாராயணன், ஆரம்பித்தது. மேப்பில் கடையைப் பதிந்து, இந்த எண்ணைக் கொடுத்தவள் நான். விட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் எண்ணை மாற்றவில்லை, நானும் மாற்றச் சொல்லவில்லை. "திறந்திருக்கு, வாங்க. ரெண்டுல இருந்து நாலு சாப்பாட்டு நேரம், அதை விட்டு வாங்க" என்பேன். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு. ஆதாருக்குக் கொடுத்த எண், மாற்றினால் ஆயிரம் அலைச்சல். அதனால்தான் வைத்திருக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

இன்று மதியம் ஒரு பெண் கூப்பிட்டாள். கடை தொறந்திருக்கா என்று கேட்டாள். திறந்திருக்கும்மா, வாங்க என்றேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 9

இட்லி மாவு புளித்துவிட்டது. அரைக்கிலோ பாக்கெட் ஒருத்திக்கு அதிகம்தான். கால்கிலோ யாரும் போடுவதில்லை.

செப்டம்பர் 13, சனி

உடுமலையில் ஒரு செருப்புக்கடைக்காரர், பாஸ்வேர்டை நீயே ஒன்று வைத்துக்கொள்ளம்மா, எனக்குத் தேவைப்படும்போது கேட்டுக்கொள்கிறேன் என்றார். பெற்ற மகளிடம்கூட இவ்வளவு நம்பிக்கை வைத்திருக்க மாட்டார். அப்படியெல்லாம் செய்யக் கூடாது, ஓ.டி.பி. வந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள், நாங்களே கேட்டாலும் சொல்லாதீர்கள் என்றேன். இதை ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுப்புவதற்குத்தான் ஆள் இல்லை.

மத்தியானம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும், பெயர், உறவு, எண். வீட்டுக்கார அம்மாவின் எண்ணைப் போடலாமா என்று யோசித்தேன். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினாயா என்பதைத் தவிர அவர் என்னிடம் வேறு கேட்டதில்லை. கடைசியில் என் பட்டன் போன் எண்ணையே எழுதினேன். பெயர்: பூரணி. உறவு: சொந்தம். யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

பதினொன்றரை மணிக்கு ஒரு அழைப்பு. கணினியில் வாடிக்கையாளர் பெயர் வந்தது. பூரணி மோட்டார் ஒர்க்ஸ், சங்கரன்கோவில்.

என்றாவது வரும் என்று தெரியும். இந்த மென்பொருளை அந்தக் கடைக்கு வாங்கிப் போட்டதே நான்தான். அதில் பழகிய பழக்கத்தில்தான் இந்த வேலையும் கிடைத்தது. அவர் பேசினால் என்ன செய்வது என்று ஆறு வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "உங்கள் சந்தேகத்தைச் சொல்லுங்கள் சார்" என்று கணீரென்று சொல்வதாக ஏற்பாடு.

பேசியது ஒரு பெண். பெயர் ஆவுடை என்றாள். மேப்பில் கடைக்கு வேறு எண் இருக்கிறது, அதை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட வேண்டும். உள்ளே போனால், 46 என்று முடிகிற எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்று வருகிறது. அந்த எண் முன்னால் இருந்தவர்களுடையது.

கடை முதலாளியைப் பேசச் சொல்லுங்கள் என்றேன். வழக்கமாகக் கேட்பதுதான்.

"அவுக இல்லக்கா. இன்னையோட இருவத்திமூணு நாளு ஆவுது. மோட்டார் தூக்கிட்டு வந்தாக, நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாக. அவ்வளவுதான்."

அவர் மனைவியா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். இதையெல்லாம் கேட்கும்படி எந்த விதியும் இல்லை. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஏழு நாள் பொறுத்திருங்கள், அதுவாகவே வேறு வழி காட்டும் என்று சொன்னேன். அப்படி எதுவும் காட்டாது. ஆறு வருடத்தில் ஒரு கடைக்காரருக்கும் நான் தப்பான பதில் சொன்னதில்லை.

அதன்பிறகு பதினேழு அழைப்புகள். பிரிண்டர் ஆறு. திருச்செங்கோட்டில் ஒருவருக்கு மவுஸ் நகரவில்லை.

செப்டம்பர் 18

விடியற்காலையில் தலைக்குக் குளித்தேன். ஈரத்தலையைப் பார்த்து டீம் லீடர், என்ன மேடம் வெள்ளிக்கிழமை என்று நினைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவளுக்குத் தீட்டு கிடையாது. பதினாறும் கிடையாது. லீவு கேட்டால் என்ன காரணம் எழுதுவது? ஆபீஸ் விண்ணப்பத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக விடாது.

பட்டன் போனை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஆகஸ்ட் இருபத்தாறிலிருந்து பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை கடை பூட்டியிருந்திருக்கும். அந்த நாட்களில் இருபத்தொரு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபத்தொரு பேரிடமும் திறந்திருக்கு, வாங்க என்று சொல்லியிருக்கிறேன். கடைக்கு மேலேதான் வீடு. எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு துஷ்டி வீட்டு வாசலில் போய் நின்றிருப்பார்கள். போனில் ஒரு அம்மா வரச் சொன்னாளே என்றிருப்பார்கள்.

எட்டாம் தேதி கூப்பிட்டுப் பேசாமல் வைத்தவளும் அந்த இருபத்தொன்றில் ஒருத்தி. அந்த எண்ணை அலுவலகக் கணினியில் இருந்த ஆவுடையின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவளேதான்.

ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. அவர் அம்மா பேசிய பேச்சுக்கெல்லாம் நான் பதிலுக்குப் பேசினேன். என் வாய்க்குப் பூட்டுப் போட இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. அவர் மட்டும் இரண்டு பக்கமும் பேசாமல், வாயில் கொழுக்கட்டையோடு காயில் சுற்றிக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருமங்கலம் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவார் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். திருமங்கலம் தாண்டியது, திண்டுக்கல்லும் தாண்டியது.

செப்டம்பர் 22

பட்டன் போன் நான்கு முறை அடித்தது. எடுக்கவில்லை. திறந்திருக்கு என்று எந்த வாயால் சொல்ல?

செப்டம்பர் 24

எடுக்கவில்லை. ஒரே எண் ஏழு முறை.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆவுடை திரும்பக் கூப்பிட்டாள். உதவி எண்ணில் பதினான்கு பேர் இருக்கிறோம். போன முறை பேசிய ரேவதி அக்காதான் வேண்டும் என்று கேட்டு, இருபது நிமிடம் காத்திருந்திருக்கிறாள்.

ஏழு நாளுக்குமேல் ஆகிவிட்டது, வேறு வழி எதுவும் காட்டவில்லை என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

காயில் கட்ட சுடலைமுத்து இருக்கிறார், என் காலத்திலிருந்தே வேலை பார்ப்பவர். கை நன்றாக ஓடுகிறது. ஆனால் ஆள் வரவில்லை. கடை சந்துக்குள் இருக்கிறது. கிராமத்திலிருந்து மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். சங்கரநாராயணன் போய்விட்டார் என்று ஊருக்கே தெரியும், கடை இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியாது.

"இப்ப அந்த நம்பர்ல எடுக்க மாட்டேங்காகளாம்க்கா. அப்ப கடைய மூடியாச்சுன்னு பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருதாக. தீவாளி வரைக்கும் பாப்பேன். இல்லன்னா சுடலமுத்து அண்ணன வேற எடம் பாக்கச் சொல்லிட்டு, பிள்ளைய தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அந்த எண்ணை வைத்திருப்பவரிடமே கேட்டு வாங்குவதுதான் ஒரே வழி என்று சொன்னேன். இது சரியான பதில். எங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது.

"அவுககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக்கா கேக்க?" என்றாள்.

அழைப்புகள் எல்லாம் பதிவாகும். அதனால்தான் அந்தப் பூரணி நான்தான் என்று சொல்லவில்லை என இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பதிவெல்லாம் காரணமில்லை. எண்ணைக் கொடுத்துவிட்டால் என்னை யார் கூப்பிடுவார்கள்? ஒரு நாளைக்கு இரண்டு பேர். இரண்டு பேரும் பூரணி என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒருத்தி வயிற்றில் அடித்துத்தான் அது எனக்கு வேண்டுமா? அடியே பூரணி, நீ நல்லவள் என்று உன்னிடம் யார் சொன்னது?

செப்டம்பர் 29

அழைப்புகள் முப்பத்திரண்டு. சாம்பார் வைத்தேன். இரண்டு நாளைக்கு வரும்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜைக்கு அடுத்த வேலை நாள் எங்களுக்கெல்லாம் தீபாவளி மாதிரி. பொருளில் இருக்கும் பார்கோடை ஸ்கேனர் படிக்கவில்லை என்று காலையிலிருந்து இருபத்தெட்டு அழைப்புகள். கண்ணாடியில் சந்தனம் வைத்தீர்களா என்று கேட்பேன். அதற்குப் பொட்டு வைக்காமல் எப்படி, தொழில் பார்க்கிற சாமான் இல்லையா என்பார்கள். வையுங்கள், ஆனால் கண்ணில் வைக்காதீர்கள், நெற்றியில் வையுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி, ஈரத்துணியால் துடைக்க வைத்தேன். ஈரோட்டுக்காரர் ஒருவர் பில் பிரிண்டருக்குள்ளேயே பொரி போட்டிருக்கிறார். பிரிண்டர் சாப்பிடாது என்று சொன்னதும் ரொம்ப நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று!

மூன்று மணிக்கு ஆவுடை. அவளுக்கும் சந்தனம்தான். இந்த வருடம் அவர்கள் வீட்டில் பண்டிகை இல்லை. காயில் சுற்றும் மிஷினுக்கு மட்டும் சுடலைமுத்து பொட்டு வைத்திருக்கிறார். கை நீண்டு ஸ்கேனருக்கும் வைத்துவிட்டாராம். துடைக்கச் சொன்னேன். துடைத்தாள். பீப் என்று சத்தம் கேட்டது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன், வழக்கப்படி.

"வேற ஒண்ணும் இல்லக்கா. பத்து நாளு ஒருத்தரும் வராம இருந்தாக. இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. இந்த ஸ்கேனர் சத்தம் கேட்டதும் மனசு நெறஞ்சாப்ல இருந்துச்சு."

வந்தவர் பில் எதற்கும் வரவில்லை, ஓட்டலுக்கு வழி கேட்க வந்தார் என்று பிறகு சொன்னாள். அவளேதான் ஒரு ஃபியூஸ் கேரியரை எடுத்து ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறாள், வேலை செய்கிறதா என்று.

அக்டோபர் 4, சனி

இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. டிபன் பாக்ஸைத் திறக்காமல் மொட்டை மாடிக்குப் போனேன். பட்டன் போனில் அவள் எண்ணைப் போட்டேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"நான் பூரணி பேசுதேன்" என்றேன். இந்தப் 'பேசுதேன்' என் வாயில் வந்து ஆறு வருடம். இங்கே 'பேசறேன்' என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"தெரியும்க்கா" என்றாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே போகச் சொன்னேன். அனுப்பு என்பதை அமுக்கச் சொன்னேன். கையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஆறு இலக்கம். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாளைக்கு நாற்பது தடவை ஓதுகிறவள், ஒவ்வொன்றாக நிறுத்தி வாசித்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். பழைய எண்ணை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பெயரையும் மாற்றிக்கொள், உன் மகள் பெயரை வை, பக்கத்திலேயே பென்சில் மாதிரி ஒரு படம் இருக்கும், அதை அமுக்கு என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

"பேரு இருக்கட்டும்க்கா" என்றாள்.

எனக்கு எதற்கடி இந்தப் பிச்சை என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள். எட்டாம் தேதி, பூட்டிய கடைக்குள் உட்கார்ந்துதான் எனக்குப் போன் செய்திருக்கிறாள். யார் ஆட்களை வரச் சொல்வது, நிறுத்தச் சொல்லலாம் என்று கூப்பிட்டிருக்கிறாள். என் குரலைக் கேட்டதும் இவளுக்கு யாரும் சாவுத் தாக்கல் சொல்லவில்லை போல என்று புரிந்து, சொல்ல வாய் வராமல் வைத்துவிட்டாள். உதவி எண்ணில் நான் வணக்கம் சொன்ன அன்றைக்கே அதே குரல் என்று தெரிந்துவிட்டதாம். அதனால்தான் இருவத்திமூணு நாளு என்று அவ்வளவு விவரமாகச் சொன்னாள்.

அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். நான் போன் எடுப்பது.

"தெரியாம என்னக்கா? வாறவுகல்லாம், போன்ல அந்தம்மா நாலு மணிக்கு வரச் சொன்னாகன்னுதான வருவாக. நம்பர மாத்துங்கன்னு நானும் எத்தனையோ மட்டம் சொன்னேன். அது கெடக்கட்டும்னுட்டாக." பிறகு அவளே சொன்னாள். "ஒரு மணிக்கே சாப்புட்டு முடிச்சிருவாக. ஆனாலும் ரெண்டு மணிக்குக் கதவச் சாத்திட்டு, உள்ள சும்மா உக்காந்திருப்பாக. யாவாரத்த விட்டுட்டு எதுக்கு இப்படின்னு கேட்டா, அவ ஜனங்ககிட்ட நாலு மணின்னு சொல்லியிருக்கா, சொன்னா சொன்னபடி இருக்கணும்லாம்பாக. கரெக்டா நாலு மணிக்குத்தான் தொறப்பாக."

ஆறு வருடம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்.

அழுதேன். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, சத்தமாக அழுதேன். நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். ஆதார் என்று எழுதியதும் பொய்தான். அவர் ஒரு நாள் கூப்பிடுவார் என்றுதான் அந்த எண்ணை வைத்திருந்தேன். அந்த மனிதருக்குக் கூப்பிடத் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்காரத் தெரிந்திருக்கிறது.

ஆவுடை போனை வைக்காமல் இருந்தாள். இரண்டரைக்கு அடுத்த அழைப்பு இருந்ததால் நான்தான் வைத்தேன். குன்னத்தூர், அரிசிக்கடை, பாஸ்வேர்டு.

அக்டோபர் 8

பட்டன் போன் ஒரு தடவை அடித்தது. லோன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

அக்டோபர் 15, புதன்

தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள். எல்லாக் கடையிலும் கூட்டம், எல்லா பிரிண்டரும் மக்கர். ஐம்பத்தொரு அழைப்புகள். பட்டன் போன் ஒரு வாரமாக மூச்சு விடவில்லை. ஆனாலும் தினமும் சார்ஜ் போடுகிறேன், கை போய்விடுகிறது.

மதியம் மாடியில் நின்று மேப்பைத் திறந்து பார்த்தேன். பூரணி மோட்டார் ஒர்க்ஸ் என்று அப்படியே இருக்கிறது. எண் மாறியிருக்கிறது. வாசலில் எடுத்த ஒரு புதுப் படம் போட்டிருக்கிறாள். படத்தில் எட்டு மோட்டார்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் ஊர்ப் பெயர். எட்டு ஊரையும் வாசித்துப் பார்த்தேன். சுடலைமுத்து நரைத்துவிட்டார்.

அழைக்க என்று ஒரு பொத்தான் இருந்தது. மணி இரண்டே கால். இந்த நேரத்தில் எடுக்க மாட்டாள் என்ற தைரியத்தில் அமுக்கினேன்.

எடுத்துவிட்டாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "கடை தொறந்திருக்கா?" என்று கேட்டேன்.

 பின்னால் குழந்தை ஏதோ ராகம் போட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டுல இருந்து நாலு சாப்பாட்டு நேரம்க்கா" என்றாள் ஆவுடை. "நீங்க சாப்புட்டீகளா?"

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இன்னும் இல்லை என்றேன். போய் முதலில் சாப்பிடுங்கள், நாலு மணிக்குக் கடை திறந்ததும் கூப்பிடுங்கள் என்று சொன்னாள்.